ஒரே வேடம், வெவ்வேறு நடை

திரைப்படத்தைப் பொறுத்தவரை, பிற மாநிலங்களில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழருக்கு ஒரு தனிப்பேறு வாய்த்தது. சென்னையிலும் மதுரையிலும் இருந்தவர்கள் ஒரு கதையைப் பெரும்பாலும் ஒருமுறைதான் திரையில் கண்டார்கள். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த நாமோ அதே கதையை இருமுறை கண்டோம். மாதுங்காவின் அரோரா அரங்கில் தமிழில் ஒருமுறை. பிறகு வேறோர் அரங்கில், பஞ்சாபியரும் குஜராத்தியரும் சூழ்ந்திருக்க, இந்தியில் ஒருமுறை. ‘மலைக்கள்ளன்’ ‘ஆசாத்’ ஆனான். ‘பாசமலர்’ ‘ராக்கி’ ஆயிற்று. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் கதை ‘ராம் அவுர் ஷ்யாம்’ என்று வந்தது. ‘ஆலயமணி’ ‘ஆத்மி’ என்று ஒலித்தது. கதை ஒன்று, காட்சியின் வரிசையும் ஏறத்தாழ ஒன்று. சில படங்களில் இயக்குநர்கூட ஒருவரே. ஆயினும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, இரு வேறு ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் போன்ற உணர்வோடு வந்தோம். அந்த வேற்றுமை எங்கிருந்து பிறந்தது என்பதையே இங்கே சற்று விரித்துக் காண முற்படுகிறோம்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில், பெரியவர் ஒருவர் தம் பேத்திக்குப் ‘பாசமலர்’ படத்தின் இறுதிப் பகுதியைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். பார்வை இழந்த அண்ணன் தங்கையின் கையைப் பற்றும் இடம். பெரியவரின் கண்கள் கலங்கின. வெளிமாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். “தாத்தா, இவர் ஏன் இப்படி அழுகிறார்?” என்று கேட்டாள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். அன்று இரவு உணவின்போது அவர் அதிகம் பேசவில்லை. சிவாஜி கணேசனின் நடிப்பைக் கண்டு அவள் சிரித்ததாக அவர் எண்ணவில்லை. தம் கண்ணீரைக் கண்டே சிரித்ததாக எண்ணினார். அந்தப் பெண் கேட்டது ஏளனக் கேள்வி அன்று என்பதே நம் எண்ணம். அதற்கு விடை உண்டு.

நடிகரிடம் நாம் காணும் உடலசைவுகள் இருவகைப்படும். ஒன்று, பாத்திரத்தின் உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் புலப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் எட்டாக வகுத்த மெய்ப்பாடுகள் இவையே. மற்றொன்று, எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் அந்த நடிகரோடு கூடவே வருவது. கையை வீசும் விதம், தலையைச் சாய்க்கும் விதம், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே விடும் மௌனம், மூக்கை விரலால் தடவிக்கொள்ளும் பழக்கம் எனப் பலவாக அது அமையும். பேச்சு வழக்கில் இதனை ‘மேனரிசம்’ என்கிறோம். முத்திரை என்று சொன்னாலும் பொருந்தும். முத்திரைகள் பல சேர்ந்து, பல படங்களில் திரும்பத் திரும்ப வந்து, மக்கள் மனத்தில் ஓர் ஆளாகத் திரண்டுவிடுகின்றன. அந்த ஆள் நடிகரும் அல்லர். அவர் ஏற்ற பாத்திரமும் அல்லர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனது பெரும்பாலும் அந்த மூன்றாமவரைத்தான்.

தமிழ்த் திரையின் முதல் இரு தலைமுறை நடிகர்களில் மிகப் பலர் பாய்ஸ் கம்பெனி என வழங்கப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 1917-இல் கண்டிக்கு அருகே பிறந்த எம்.ஜி.ராமச்சந்திரன் சிறுவனாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1928-இல் பிறந்த வி.சி.கணேசனும் பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடமும் ஆண் வேடமும் மாறிமாறிப் பூண்டார். பின்னர் அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைக் கண்ட பெரியார் ஈ.வெ.ரா., அப்பெயரையே அவருக்கு அடைமொழியாக அளித்தார் என்பது நேயர்கள் அறிந்ததே. அக்குழுக்களின் வாழ்க்கை எளியதன்று. விடியுமுன் எழுந்து பாடம் ஒப்பிக்க வேண்டும். பாட்டும் ஆட்டமும் சிலம்பமும் பயில வேண்டும். பிழை செய்தால் வாத்தியாரின் பிரம்பு பேசும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாடும் வேடம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் வேறு.

கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட பயிற்சி அது. காஸ் விளக்கின் வெளிச்சத்தில், நூறு அடிக்கு அப்பால் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குக் கதாநாயகனின் கண் தெரியாது, உதடு தெரியாது. ஆகவே துயரம் கண்ணில் மட்டும் நின்றால் போதாது. அது கன்னத்தில் துடிக்க வேண்டும். தோளில் குலுங்க வேண்டும். நடையில் தள்ளாட வேண்டும். குரலில் எழுந்து கொட்டகையின் கூரையைத் தொட வேண்டும். இங்ஙனம் பயின்ற உடலைத்தான் 1952-இல் ‘பராசக்தி’ படத்திற்காகக் காமிராவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காமிரா அருகில் வந்துவிட்டது. உடலோ தன் பாடத்தை மறக்கவில்லை.

பம்பாயின் நிலை வேறு. அங்கும் பார்சி நாடகக் குழுக்கள் இருந்தன. முழங்கும் நடிப்பும் இருந்தது. ஆனால் 1934-இல் ஹிமான்சு ராய் மலாட் பகுதியில் நிறுவிய பம்பாய் டாக்கீஸ், நாடக மேடையை அறியாத ஒரு நடிகர் வரிசையைத் தோற்றுவித்தது. அங்கே ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன் படங்களை இயக்கினார். அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அசோக் குமார் என்ற வங்காள இளைஞர், தம் விருப்பத்திற்கு மாறாகவே, 1936-இல் கதாநாயகர் ஆக்கப்பட்டார். அவர் எந்த மேடையிலும் கத்திப் பழகியவர் அல்லர். ஆகவே பேசுவது போலவே பேசினார். தொடக்கத்தில் கைகளை என்ன செய்வதென்று அறியாத அவருடைய தவிப்பைப் பழைய படங்களில் இன்றும் காணலாம். 1943-இல் வெளிவந்து கல்கத்தா ராக்ஸி அரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடிய ‘கிஸ்மத்’ படத்தில், அந்தக் கைகளுக்கு ஒரு சிகரெட்டு கிடைத்துவிட்டது. புகையை ஊதியபடியே ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கும் அந்தத் திருடனைக் கண்டு நாடே மயங்கியது. கையை ஒளித்துக்கொள்வதற்கு வழியாக இருந்தது முத்திரையாக மாறிய கதை இது.

அதே பம்பாய் டாக்கீஸில் 1944-இல் ‘ஜ்வார் பாட்டா’ வழியாக அறிமுகமானவர், பெஷாவரில் பிறந்த யூசுப் கான். தேவிகா ராணியின் ஆதரவில் திரைக்கு வந்த அவரே திலீப் குமார். தாழ்ந்த குரல், பாதி திரும்பிய முகம், நெற்றியில் விழுந்த மயிர்க்கற்றை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கும் நிறுத்தம் ஆகியவை அவருடைய முத்திரைகள். கடைசி வரிசைக்காரர் அவரைத் தேடி வரவேண்டும். அவர் கடைசி வரிசையைத் தேடிப் போவதில்லை. இவ்விரு பள்ளிகளையும் ஒரே படத்தில் அருகருகே காண விரும்புவோர் 1960-இல் வெளிவந்த ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தைப் பார்க்கலாம். பிருதிவி தியேட்டர்ஸ் நாடகக் குழுவை நடத்திய பிருதிவிராஜ் கபூர் அக்பராக முழங்குகிறார். மகன் சலீமாக வரும் திலீப் குமார் முணுமுணுக்கிறார். தந்தையும் மகனும் போரிடுகிறார்கள் என்பது கதை. மேடையும் காமிராவும் போரிடுகின்றன என்பது நாம் கண்டது. அப்படம் ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ்க் குரலோடும் வந்தது.

இனி நம் ஒப்பீட்டுக்கு வருவோம். கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு, நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவலைத் தழுவி, மு.கருணாநிதியின் உரையாடலோடு 1954-இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். அடுத்த ஆண்டே அதனை இந்தியில் ‘ஆசாத்’ என எடுத்து, எம்.ஜி.ஆர். இருந்த இடத்தில் திலீப் குமாரை நிறுத்தினார். கள்ளன் வேடம் மாற்றி வணிகனாகவும் வருவான். ஏழைகளுக்குத் துணை நிற்பான். கடத்தப்பட்ட பெண்ணைக் காப்பான். எம்.ஜி.ஆரின் கையில் இக்கதை ஓர் உறுதிமொழி போல அமைந்தது. எந்த மாறுவேடத்திற்குள்ளும் அவருடைய நிமிர்ந்த மார்பும், அடிபடும்போதும் மறையாத புன்னகையும் தெரியும். தெரிய வேண்டும் என்பதே நோக்கம். திலீப் குமாருக்கோ அது ஒரு விளையாட்டு. துயர நாயகர் வேடங்களைத் தொடர்ந்து ஏற்று மனம் சோர்ந்து, மருத்துவரின் அறிவுரையால் இலகுவான வேடங்களை நாடிய காலம் அது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே தாடிக்குள் தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்டு குறும்பு செய்தார். எம்.ஜி.ஆரின் மாறுவேடத்தை நாம் கண்டுபிடித்து மகிழ்ந்தோம். திலீப் குமாரின் மாறுவேடத்தில் ஏமாந்து மகிழ்ந்தோம். அவ்வேடத்துக்கு அவருக்குப் பிலிம்பேர் பரிசும் கிடைத்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே இருவருக்கும் மீண்டும் ஒரே கதை வாய்த்தது. அதற்குமுன் ஆந்திரத்தில் மூன்றாமவர் ஒருவரும் அதை ஏற்றிருந்தார். 1964-இல் தெலுங்கில் ‘ராமுடு பீமுடு’ என்ற பெயரில் என்.டி.ராமராவ் நடித்த கதை, 1965-இல் எம்.ஜி.ஆருக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’யாகவும் 1967-இல் திலீப் குமாருக்கு ‘ராம் அவுர் ஷ்யாம்’ ஆகவும் அமைந்தது. மூன்றையும் இயக்கியவர் தாபி சாணக்யா. ஆகவே வேற்றுமைக்கு இயக்குநர்மீது பழி போட இயலாது. கோழையான பணக்காரன் ஒருவன், துணிந்த ஏழை ஒருவன், உருவத்தில் இரட்டையர், இடம் மாறிவிடுகிறார்கள். கொடுமை செய்யும் மைத்துனன் கையில் சவுக்கு.

எம்.ஜி.ஆரின் கோழையைக் காணும்போது அரங்கில் யாரும் வருந்தியதாக நமக்கு நினைவில்லை. அவர் நடுங்க நடுங்க, மக்கள் பொறுமையின்றிக் காத்திருந்தார்கள். ‘இன்னும் சிறிது நேரம்தான்’ என்பது போன்ற ஓர் ஆரவாரம் இருளில் எழுந்துகொண்டேயிருக்கும். பிறகு மற்றவர் வருவார். நம்பியார் கையிலிருந்த சவுக்கு இடம் மாறும். மாடிப்படிகளில் ஏறியும் இறங்கியும் அவர் பாட்டோடு அதை வீசுவார். அப்பாட்டில் மைத்துனனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான் இருந்தது. அரங்கிலுள்ள ஏழைகளுக்குச் சொல்ல வேண்டியது மிகுதியாக இருந்தது. 1977-இல் அவர் முதலமைச்சர் ஆனபோது, அந்தப் படிக்கட்டை நினைத்துக்கொண்டவர்கள் பலர். இந்திப் படத்திலும் மைத்துனன் அடிபடுகிறான். ஆனால் பாட்டு இல்லை. திலீப் குமாருக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய ஆற்றல் எல்லாம் கோழையின் பக்கம் சென்றுவிட்டது. கூனிய தோள், தொண்டையிலேயே இறக்கும் சொல், பிறர் நிழல் பட்டாலே பின்வாங்கும் கால் என்று அவர் அமைத்த ராமைக் கண்டு பம்பாய் அரங்கு சிரித்தது, உடனே இரங்கியது. தமிழில் நாம் துணிந்தவனுக்காகக் காத்திருந்தோம். இந்தியில் கோழையைப் பிரிய மனமின்றி இருந்தோம். இக்கதையைப் பெண்ணுக்கு மாற்றி 1972-இல் ‘சீதா அவுர் கீதா’ எடுத்தபோது, சவுக்கு தமிழ்ப்பெண்ணான ஹேமமாலினியின் கைக்கு வந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு அது தனி மகிழ்ச்சி.

எம்.ஜி.ஆரின் முத்திரைகள் நடிப்புக் குறைவால் வந்தவை என்று சொல்வார் உண்டு. அது முழு உண்மையன்று. அவர் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டவர். திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தார், தாயை வணங்குவார், முதலடியை எதிரிக்கு விட்டுக்கொடுப்பார். வலக்கையை உயர்த்தி வீசுவதும், சண்டைக்கு முன் மூக்கை விரலால் தடவுவதும் அந்த உடன்படிக்கையின் கையொப்பங்கள். கையொப்பம் நாளுக்கு நாள் மாறினால் யார் நம்புவார்? தர்மேந்திரா 1966-இல் நடித்த ‘பூல் அவுர் பத்தர்’ கதையை 1968-இல் ‘ஒளிவிளக்கு’ என்று தமிழில் எடுத்தபோது இது நன்கு புலப்பட்டது. அது எம்.ஜி.ஆரின் நூறாவது படம். கதைப்படி நாயகன் குடிக்கும் இயல்புடைய முரடன். தர்மேந்திரா கேள்வி கேட்பாரின்றிக் குடித்தார். எம்.ஜி.ஆருக்கோ அது எளிதாக முடியவில்லை. அவருடைய மனச்சாட்சியே பல எம்.ஜி.ஆர்.களாகத் தோன்றி, பாட்டுப் பாடி, அவரைக் கண்டித்த பிறகே காட்சி மேலே நகர்ந்தது. 1967 சனவரியில் எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கிக் குண்டு தொண்டையைத் துளைத்த பின், அவர் சொல் தெளிவிழந்தது. அதன் பிறகும் தம் சொந்தக் குரலிலேயே பேசி நடித்தார். மக்களும் அக்குரலையே விரும்பினர். திரையில் வந்த மூன்றாமவர் எவ்வளவு உறுதியாக வேரூன்றிவிட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எம்.ஆர்.ராதாவைக் குறித்தும் ஒரு சொல். 1954-இல் வந்த ‘இரத்தக்கண்ணீர்’ அவர் மேடையில் பல காலம் நடத்திய நாடகம். ஒரே வாக்கியத்தை அடித்தொண்டையில் தொடங்கிக் கீச்சுக் குரலில் முடிக்கும் அவருடைய வித்தையை இந்தியில் யார் செய்திருக்க முடியும் என்று நாமும் எண்ணிப் பார்த்ததுண்டு. விடை கிடைத்தபாடில்லை.

சிவாஜி கணேசனின் வேடங்களை இந்தியில் ஏற்றவர்களின் நிலை இன்னும் கடினம். எம்.ஜி.ஆர். எல்லா வேடத்திலும் ஒருவராகவே இருந்தார். சிவாஜியோ வேடத்துக்கு ஒரு நடை வைத்திருந்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் தரை அதிரும் நடை. 1960-இல் கெய்ரோ விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசைத் தந்தது அப்படம். ‘திருவிளையாடல்’ படத்தில் கடற்கரை மணலில் செம்படவராக வரும் சிவனுக்குத் தோளிலிருந்து புறப்படும் ஒரு துள்ளல் நடை. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகசுர வித்துவானுக்கு நடையைக் காட்டிலும் கன்னமே முக்கியம். வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் என்று அறிந்திருந்தும், மூச்சுவிடும் இடம் பார்த்து நாம் ஏமாந்தோம்.

இத்தகையவரிடமிருந்து கால்களைப் பறித்தால் என்ன ஆகும்? 1962-இல் வந்த ‘ஆலயமணி’ அதைத்தான் செய்தது. நண்பனைக் காக்கப்போய்க் கால்களின் வலிமையை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து, பொறாமையால் வேகும் செல்வன் ஒருவன். நடைக்குச் செல்ல வேண்டிய உணர்ச்சி எல்லாம் சிவாஜியின் விரல்களிலும் புருவத்திலும் நாற்காலிச் சக்கரத்திலும் வந்து தேங்கியது. அவருடைய மிகச் சிறந்த வேடங்களில் ஒன்று என்று நாம் கருதுவது இதனாலேயே. அக்கதையைப் பீம்சிங் 1968-இல் ‘ஆத்மி’ என்று இந்தியில் எடுத்தபோது நாற்காலியில் திலீப் குமார் அமர்ந்தார். கால் இல்லாமை அவருக்கு ஓர் இழப்பாகவே தோன்றவில்லை. அவர் எப்போதும் அமர்ந்திருப்பவர் போலவே நடித்தவர் அல்லவா! அங்கே பொறாமை கனலாக எரியவில்லை, புகையாகப் படர்ந்தது. உண்மையைச் சொன்னால், அப்படத்தில் அவருடைய மௌனங்கள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீண்டுவிட்டன. அடக்கமும் பழகிவிட்டால் வெறும் முத்திரைதான். சிவாஜியின் பிற்காலப் படங்கள் சிலவற்றில் கன்னத் துடிப்பு உணர்ச்சிக்கு முன்பே வந்து நின்றது போலத்தான் இதுவும்.

‘பாசமலர்’ 1961-இல் வந்தது; பீம்சிங்கே 1962-இல் ‘ராக்கி’ எடுத்தார். அண்ணனாக அசோக் குமார், தங்கையாக வகீதா ரெஹ்மான். சிகரெட்டுக் காலம் கழிந்து, குடும்பத் தலைவராகக் கனிந்திருந்த அசோக் குமார், தங்கையின் பிரிவை ஒரு வீட்டுப் பெரியவர் தாங்குவதுபோல் தாங்கினார். குரல் தடுமாறும், உடனே சரிசெய்துகொள்வார். பிலிம்பேர் பரிசு அவருக்கே கிடைத்தது. சிவாஜியின் அண்ணன் அப்படித் தாங்குபவன் அல்லன். அவன் அழுகை ஓர் இறுதிச் சடங்கில் பெண்கள் மாரடித்து அழும் ஒப்பாரியைச் சேர்ந்தது. ஊர் முழுவதும் கேட்க வேண்டிய அழுகை. துயரத்தை மறைப்பது மரியாதை என்று ஒரு குடும்பம் கருதும். மறைத்தால் இறந்தவருக்கு அவமரியாதை என்று வேறொரு குடும்பம் கருதும். பம்பாயின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த நாம் இரண்டையும் கண்டவர்கள்.

தமிழ் நடிகர் எல்லாரும் முழங்கினார்கள் என்று எண்ணிவிடலாகாது. ஜெமினி கணேசன் நாடகக் குழுவிலிருந்து வந்தவர் அல்லர். கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பின்னர் ஜெமினி ஸ்டூடியோவில் அலுவலராக இருந்தவர். அவர் பேச்சில் மேடை இல்லாததன் காரணம் இதுவே. ‘கல்யாணப் பரிசு’ கதையை ஸ்ரீதர் ‘நஸ்ரானா’ என்று எடுத்தபோது ராஜ் கபூர் அவ்விடத்தைப் பெரிய அதிர்ச்சியின்றி நிரப்ப முடிந்தது. மாறாக, எஸ்.எஸ்.வாசன் 1955-இல் ‘இன்சானியத்’ படத்தில் தேவ் ஆனந்துக்கு மீசை ஒட்டி, கிராமத்து உடையும் அணிவித்தார். பட்டணத்துத் தெருவில் தலையை ஆட்டியபடி சாய்ந்து நடக்கப் பிறந்தவர் அவர். அந்த மீசை அவர் முகத்தில் இரவல் பொருள்போலவே இருந்தது.

நகைச்சுவையில் மட்டும் எல்லை எளிதில் அழிந்தது. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழர் இல்லை. அக்காட்சியின் வெற்றியில் பாதி, கதை கேட்பவருடையது. 1936-இல் ‘சதி லீலாவதி’ முதல் நடித்துவந்த பாலையா, மேடையில் பயின்ற பெருங்குரலை அங்கே முற்றிலும் மடித்து வைத்துவிட்டு, கண்ணையும் முழங்காலையும் கொண்டே நடுங்கினார். ஸ்ரீதரே 1966-இல் ‘பியார் கியே ஜா’ என அதை எடுத்தபோது, கதை சொல்ல மெஹ்மூதும் கேட்க ஓம் பிரகாஷும் வந்தனர். ஒல்லியான நாகேஷ் ரப்பரைப்போல் வளைந்தார். சற்றுத் தடித்த மெஹ்மூது கதவு கிறீச்சிடும் ஓசையையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்பினார். இரண்டு அரங்குகளிலும் சிரிப்பு ஒரே இடத்தில் வெடித்தது.

ஆனால் அதே மெஹ்மூது 1968-இல் ‘படோசன்’ படத்தில் சென்னைப் பாட்டு வாத்தியார் பிள்ளையாக வந்தார். குடுமி, திருநீறு, மடித்துக் கட்டிய வேட்டி, கடித்துத் துப்பும் இந்தி. பாட்டுப் போட்டியில் அவர் காட்டிய திறமையை மறுப்பதற்கில்லை; நாமும் சிரித்தோம். ஆனால் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் குரல் எழுந்திருந்த ஆண்டுகள் அவை. மறுநாள் அலுவலகத்தில் நண்பர்கள் அந்தக் குரலிலேயே நம்மை அழைத்தபோது சிரிப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. ஒரு நடிகரின் முத்திரை அவரோடு போய்விடும். ஓர் இனத்தின்மீது ஒட்டப்பட்ட முத்திரையைக் கழற்ற நெடுநாள் ஆயிற்று.

குரலைப் பற்றிச் சொல்லாவிடில் இப்பேச்சு நிறைவு பெறாது. 1954-ஆம் ஆண்டிலேயே டி.எம்.சௌந்தரராஜன் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும், ‘தூக்குத் தூக்கி’ படத்தில் சிவாஜிக்கும் பாடினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவருக்கும் அவரே குரல். சிவாஜிக்கு அடித்தொண்டையிலிருந்து கனமாகவும், எம்.ஜி.ஆருக்கு மூக்கின் பக்கம் சாய்த்துத் துள்ளலாகவும் பாடுவார். வானொலியில் பெயர் அறிவிக்குமுன்பே யாருடைய பாட்டு என்று நம் வீட்டுச் சிறுவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தியில் முகமது ரபியும் இத்திறம் வாய்ந்தவர். திலீப் குமாருக்கு ஒரு குரலும், ஷம்மி கபூருக்கு வேறொரு குரலும், ஜானி வாக்கருக்கு மூன்றாவது குரலும் அவரிடம் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டாலும் ஷம்மி கபூரின் கழுத்து வெட்டுவது காதில் கேட்கும்.

எம்.ஜி.ஆர். 1987-இல் மறைந்தார்; அசோக் குமாரும் சிவாஜியும் 2001-இல்; திலீப் குமார் 2021-இல், தொண்ணூற்றெட்டு வயதில். நால்வரின் படங்களும் இன்று கையகலத் திரையில், முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் ஓடுகின்றன. திலீப் குமாருக்கு அத்தொலைவு பொருந்துகிறது. சிவாஜிக்கு அது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

அந்த வீட்டிலிருந்து விடைபெறுமுன், பேத்தியிடம் நாம் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னோம். “அம்மா, அதே காட்சியைச் சமையலறை வாயிலில் நின்றுகொண்டு பார். ஓசையை நன்றாகக் குறைத்துவிடு,” என்றோம். பெரியவர் தயக்கத்தோடு மீண்டும் படத்தைப் போட்டார். அவள் அவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாள். கண்ணும் உதடும் தெரியாத அந்தத் தொலைவிலிருந்தும் தோளின் குலுங்கல் அவளை எட்டியது. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. “நடப்பது எல்லாம் இங்கிருந்தே தெரிகிறது, தாத்தா,” என்று மட்டும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவள் ‘திருவிளையாடல்’ நடை நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “காலில் இல்லையடி, தோளிலிருந்து வரவேண்டும்,” என்று திருத்திக்கொண்டிருந்தார்.